மகராசனைத் தேடி ஒரு பதிவு

சளக்!

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணி மொத்தமும் கயலின் சந்தன நிறச் சுடிதாரில்...

வாரியடித்த பைக் நிற்கவே இல்லை. விடுவாளா கயல்? செல்போனில் அதன் முதுகைப் படமெடுத்து, ‘நம்ம பள்ளத்தாக்கு’ சைட்டில் போட்டாள். ‘இந்த மகராசனை யாருக்காச்சும் தெரியுமா?’

சாயங்காலத்துக்குள் கம்பம் முதல் பெரியகுளம் வரை அந்தப் பதிவு ஓடியது. எங்கோ துபாயிலிருந்துகூட ஒருவர் திட்டியிருந்தார்.

மறுநாள், அவள் கண் பரிசோதிக்கும் கண்ணாடிக் கடைக்குள் ஒருவன் தயங்கித் தயங்கி நுழைந்தான்.

“அந்த மகராசன் நான்தாங்க... கடையை விசாரிச்சு மன்னிப்புக் கேக்க வந்தேன். மழையில நான் போட்டிருந்த கண்ணாடி பூரா தண்ணி. பள்ளமும் தெரியல, நீங்களும் தெரியல.”

“இப்பத் தெரியுதா?”

“ம்... நல்லாவே...”

அய்யோ, என்ன கண்கள்! மழை விட்ட வயல் மாதிரி ஈரமாய், பளபளவென்று... கயல் அவசரமாய்ப் பார்வையைத் தாழ்த்தி, பரிசோதனை நாற்காலியைக் காட்டினாள்.

“நேத்துச் சாயங்காலமே உங்க படம் ஊரெல்லாம் பரவிருச்சு. எப்படித்தான் பரவுதோ!”

“நீங்க போட்டதை உங்க கூட்டாளிக பாப்பாக. அவுக லைக் போட்டா, பகிர்ந்தா, அவுக கூட்டாளிகளுக்கும் போகும். அப்படியே கிளை விட்டுப் போகும்ங்க.”

“அதுக்குன்னு இம்புட்டுச் சனமா?”

“வெளியூர்ல இருக்கிற நம்மாளுக, ஊர்ல மழையா, ஆத்துல தண்ணி வருதான்னு பாக்கத்தான் முதல்ல வந்தாக. அப்புறம் கூடப் படிச்சவுகளை அங்கன கண்டுபிடிச்சாக. நாம சொல்றதைக் கேக்க நாலு பேர் இருக்காகன்னா யாருங்க விட்டுட்டுப் போவா?”

புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, பேர் சூரியபிரகாஷ் என்று போன் நம்பரோடு எழுதிப் போனான். கடையில் கூட வேலை பார்க்கும் திரிஷா அந்தப் பேரைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏடி, அந்த சைட்டை ஆரம்பிச்சவரே இவருதாண்டி!”

கயலுக்குச் சுருக்கென்றது. எல்லாம் தெரிந்தும் அமுக்கமாய் உட்கார்ந்திருந்தானே! உடனே போன் போட்டாள்.

“உங்க சைட்லயே உங்களைக் கிழிச்சிருக்கேன். மனசுக்குள்ள சிரிச்சீகளா?”

“இல்லைங்க... சொன்னா, சங்கடப்பட்டுப் பதிவை எடுத்துருவீக. சைட்டு நடத்துறவனுக்குன்னு தனி நியாயம் வச்சா, அப்புறம் யாரு அங்கன நம்பி வருவா?”

பதில் சரிதான். ரோஷம் கேட்கவில்லையே!

“கண்ணாடி வந்ததும் ஆள் அனுப்புங்க. நீங்க வரவேணாம்.”

கண்ணாடி வந்தது. ஆளும் வரவில்லை, அவனும் வரவில்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் கயலின் கழுத்து தானாய்த் திரும்பியது...

ஒரு மத்தியானம் தன் பதிவைத் திறந்து, ஆட்கள் எழுதியிருந்ததை அடிவரைக்கும் வாசித்தாள். நூற்றுக்கணக்கான கிண்டலுக்கு நடுவே, அன்றைக்கு ராத்திரியே அவன் சொந்தப் பேரில் எழுதியிருந்தான்: ‘தப்பு என்னோடதுதான். அவுகளை நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும்.’ திட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாய்ப் பதில். ஒரு வசவைக்கூட அவன் நீக்கவில்லை.

கயல் அவன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சைட்டில் இருந்த விலாசப்படி, உத்தமபாளையத்தில், உரக்கடை மாடியில் அவன் ஆபீஸ். பழைய கண்ணாடியோடு கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டிருந்தவன், அவளைக் கண்டதும் பதறி எழுந்தான்.

“ஏன் வரல?”

“நீங்கதானங்க வரவேணாம்னு...”

“சொன்னா? வராமயே இருந்துருவீகளா?”

அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. “தினமும் உங்க கடைத்தெரு முனை வரைக்கும் வந்தேன். உள்ள வரத்தான் பயம். கோவமா இருந்தா... அதையும் தாண்டி, கோவமே இல்லாம, யாரோ எவரோன்னு பேசிட்டீகன்னா?”

கயல் கண்ணாடியை அவனிடம் நீட்டினாள். விரல்கள் பட்டன. இருவருமே விலக்கிக்கொள்ளவில்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. “இதை சைட்ல போட மாட்டேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன்.”

“எனக்கும்தான் கயல்... மொத நாளே...”