பின்வாசல் இல்லாத வீடு

விளக்கின் சுடர் சுவரைப் பார்த்துச் சாய்ந்தது.

சண்முகவடிவு தீக்குச்சியை உதறி அணைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. வராந்தாவிலிருந்து காற்று வந்தால் சுடர் கொஞ்சம் துடிக்கும், அவ்வளவுதான். வந்த காற்றுக்கு இந்த வீட்டில் போக்கிடம் கிடையாது. தாராவியில் குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிக் கொடுத்த கட்டிடத்தில், நான்காவது மாடியில், ஒற்றை அறை. எதிர்ச்சுவருக்குப் பின்னால் ஓடாத லிப்டின் குழி. ஆனால் முன்வாசலும் பின்வாசலும் திறந்து கிடக்கும் வீட்டில் சாய்வதுபோல, சுடர் அந்தச் சுவரை நோக்கி நீளமாகச் சாய்ந்து நின்றது. அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது.

சாமி படம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வரைபடம். அந்தக் காலத்திலேயே அச்சடித்து, தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டது. தாள் டீ நிறத்துக்குப் பழுத்திருந்தது. மேல்பாதியில் கட்டிடத்தின் முகப்பு: கோபுரம், வளைவு வளைவாக ஜன்னல்கள், நடுவில் உயரமான ஒரு வாசல். கீழ்ப்பாதியில் அதே கட்டிடம், மேலிருந்து கூரையைத் தூக்கிவிட்டுப் பார்த்ததுபோல, அறைகளும் நடைகளுமாக.

அவள் புருஷன் மாரீஸ்வரன் குர்லாவில் அப்துல் வாஹித்தின் பழைய சாமான் கோடவுனில் வேலை பார்த்தான். மகள் பிரேமலதா கட்டிடக்கலைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், இந்தப் படம் வந்தபோது அவளுக்கென்று ஒதுக்கி வைத்தான். ஒரு நாள் கூட வேலை பார்ப்பவர்கள் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், துடைக்கிற துணி கையில் இருக்க, படத்தின் மேல் சாய்ந்து கிடந்தான். மாரடைப்பு என்றார்கள். காரியமெல்லாம் முடிந்தபின் அப்துல் வாஹித் படத்தைத் தானே மாடியேறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டார்.

அவன் போன அன்றிலிருந்து சண்முகவடிவுக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது கேஸை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ரசம் கொதிக்கக் கொதிக்கக் குடித்தாள், நாக்கு சுட்டது தெரியவில்லை. புருஷனுக்காகக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் தூரத்தில்தான் இருந்தது. கை மட்டும் அதன்பாட்டுக்கு வேலை செய்தது. சமைத்தது, துவைத்தது, வெள்ளிக்கிழமையானால் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது. தாலி அறுத்தவள் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் முகம் சுளித்தாள். மகளுக்குக் காலையில் ட்ரெயினைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது, வேறு யார் வைப்பது?

போன வெள்ளிக்கிழமையும் அந்தக் கைதான். நிலைக்கு வைத்து முடித்துவிட்டு, ஈரத்துணியோடு படத்தின் கண்ணாடியைத் துடைக்கப் போனாள். நினைவு திரும்பிப் பார்த்தபோது, படத்தில் இருந்த உயரமான வாசலுக்கும் கை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது.

பிரேமலதா சாயங்காலம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அரே அம்மா, காலேஜுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்க?"

"கை தவறிட்டு. துடைச்சிருதேன்."

"இருக்கட்டும்மா. நான் அங்கதான் படிக்கப் போற மாதிரி இருக்கு." அவள் கட்டிலில் ஏறி நின்று, கீழ்ப்பாதியில் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க பாரு, இந்தக் கோடுதான் கதவு. பக்கத்துல இந்த வளைவு இருக்குல்ல, அது கதவு திறக்குற பக்கம். பிளான்ல கதவை எப்பவும் திறந்துதான் வரைவாங்க."

"எல்லாக் கதவுமா?"

"எல்லாமே."

விளக்கு வைக்கிற நேரத்தில் முன்வாசலைத் திறக்க வேண்டும், பின்வாசலைச் சாத்த வேண்டும். முன்னால் வருவது பின்னால் போய்விடக் கூடாது. இது சண்முகவடிவு கேட்டு வளர்ந்தது. பம்பாய்க்கு வந்தபின் பின்வாசலே இல்லாததால் மறந்துபோனது. இப்போது சாய்ந்து நின்ற சுடரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. மஞ்சளும் குங்குமமும் வைத்தால்தான் வெறும் மரச்சட்டம் நிலையாகும், வீட்டு வாசலாகும். அவள் கை அதைத்தான் செய்து வைத்திருந்தது.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் வாசனை வந்தது. நனைந்த சுண்ணாம்பும், வவ்வால் எச்சமும், நெடுநாள் பூட்டிக் கிடந்த காகிதமும் கலந்த வாசனை, கீழே தோல் பட்டறையின் நாற்றத்தையும் பக்கத்து வீட்டு மீன் குழம்பையும் தள்ளிக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்தது. பிறகு ஒரு சத்தம். பெரிய கூடத்தில், வெகு தூரத்தில், யாரோ நடக்கிற சத்தம்.

சர்ர். டிக்.

சண்முகவடிவின் கையிலிருந்த தட்டு நழுவியது. மாரீஸ்வரனின் இடது செருப்பில் வார் அறுந்துபோய்க் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான். கால் இழுபடும், பிறகு கம்பி தரையில் தட்டும். புதுசு வாங்குங்க என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள். அந்தச் சத்தம் சுவருக்குள் கேட்டது. அவள் உதட்டில் உப்புக் கரித்தது. அழுகிறோம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நெஞ்சு வலித்தது, வலிப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

படத்தின் மஞ்சளையும் குங்குமத்தையும் அப்போதே துடைத்திருக்க வேண்டும். முந்தானையால் ஒரு இழுப்பு. அவளுக்கு அது தெரியும். துடைக்கவில்லை. மகள் வகுப்புக்குப் போன பொழுதுகளில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்தாள். சத்தம் நாளுக்கு நாள் பக்கத்தில் வந்தது.

ஒரு நாள் தோசைமாவு வாங்க வந்த கோமதியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏ வடிவு, என்னட்டி விளக்கு இப்படி எரியுது?"

"லிப்ட் குழிக் காத்து, மயினி."

"குழிக் காத்துன்னா வெளிய தள்ளும்லா. இது உள்ள இழுக்கு." மாவை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரேமலதா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவாரு, லதாக்குட்டின்னு. நேத்து படிச்சிட்டிருக்கும்போது அப்படியே கேட்டுச்சு."

"எங்கேருந்து?"

பிரேமலதா படத்தைக் காட்டினாள். "ஏதோ சப்னா, கனவா இருக்கும். தூங்கிட்டேன் போல."

சண்முகவடிவு படத்தைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைக் கூப்பிடவில்லை. இத்தனை நாள் காத்துக் கிடந்த தன்னை ஒரு தடவை கூப்பிடவில்லை, பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறது. இவளும் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்? துடைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். நாளைக்கு. மகள் வருவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு.

மறுநாள் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கரண்ட் போனது. மாட்டுங்காவில் கோச்சிங் வகுப்பு முடிந்து மகள் வரத் தாமதமாகும் என்று நினைத்தாள். இந்த மழையில் ட்ரெயின் எங்கே ஒழுங்காக ஓடப்போகிறது. வாசலைத் திறந்து வைத்து விளக்கை ஏற்றினாள். தண்ணீர் வருகிற நேரம் அது, விட்டால் நாளைக்குத்தான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, வாளியும் டிரம்மும் நிரம்பும்வரை நின்றாள். தகர வாளியில் தண்ணீர் விழுகிற இரைச்சலும் மழை இரைச்சலும் சேர்ந்து வேறெதையும் கேட்கவிடவில்லை.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

சுடர் படுத்துக் கிடந்தது. திரியை விட்டுப் பிய்ந்துவிடும்போல, சுவரை நோக்கி.

சர்ர். டிக்.

கண்ணாடிக்கு நேர் பின்னால்.

"வந்துட்டியளா?" என்று கேட்டாள்.

சத்தம் நின்றது. அவள் சொன்னதைக் கேட்பதுபோல நின்றது. அப்போதுதான் அவளுக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. கோடவுனிலிருந்து உடம்போடு வந்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது. குனிந்து கட்டிலுக்கு அடியில் துழாவி இழுத்தாள். இருந்தது. இரண்டு செருப்பும். இடது செருப்பில் கம்பி. அதன்மேல் தூசி. சுடுகாட்டுக்கு அவன் வெறுங்காலோடுதான் போனான்.

சர்ர். டிக்.

அதே இழுப்பு. அதே இடைவெளி. கொஞ்சமும் பிசகாமல். அவன்கூட அவ்வளவு சரியாக நடந்ததில்லை.

பாய்ந்தாள். முந்தானையைச் சுருட்டி அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் வந்தது. குங்குமம் வந்தது. இன்னும் துடைத்தாள். கண்ணாடி கீச்சிட்டது.

சுடர் நிமிர்ந்தது.

சத்தமில்லை. வாசனையில்லை. மழை மட்டும். சண்முகவடிவு தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிள்ளை வருவதற்குள் சாத்தியாயிற்று. அந்த மட்டில் தப்பித்தோம் என்று நினைத்தாள்.

வாசல் வழியாகச் சாரல் அடித்தது. கதவைச் சாத்த எழுந்து போனாள்.

கதவுக்குப் பின்னால் குடை சாய்த்து வைத்திருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிரேமலதாவின் செருப்பு. நனைந்து.

விளக்கைக் கையில் எடுத்தாள். தரையில் ஈரக்கால் தடம். வாசலிலிருந்து கட்டில் ஓரமாக, சுவர்வரை. திரும்பிய தடம் இல்லை.

விளக்கைப் படத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். கீழ்ப்பாதியில் அறைகள், நடைகள், கதவுகள். எல்லாக் கதவுக்கும் வளைவு இருந்தது. எல்லாம் திறந்திருந்தன. அந்தப் பெரிய வாசலில் மட்டும் வளைவு இல்லை. வெறும் கோடு. சாத்திய கதவு.

டொக்.

கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து.

"அம்மா." சாதாரணக் குரல். குளியலறைக்கு வெளியே நின்று கூப்பிடுகிற குரல். "அம்மா, கதவைத் திற."

மஞ்சள் டப்பாவைத் தட்டித் திறந்தாள். தண்ணீர் விட்டுக் குழைத்தாள். வாசல் முழுக்கப் பூசினாள். குங்குமம். ஒன்று, இன்னொன்று, கொள்ளுமட்டும். விளக்கைப் பார்த்தாள்.

சுடர் அசையவில்லை.

டொக் டொக். "அம்மா."

பிறகு உள்ளே, வெகு தூரத்தில், பெரிய கூடத்தின் அந்தக் கோடியில்.

சர்ர். டிக்.

அவசரமில்லாமல். தட்டுகிற சத்தத்தை நோக்கி.

டொக் டொக் டொக் டொக்.

சண்முகவடிவு அழவில்லை. எதுவும் உறைக்கவில்லை. சுடர் நேராக நின்றது. கை மட்டும் அதன்பாட்டுக்கு மஞ்சளைக் குழைத்துக்கொண்டே இருந்தது.