பூட்டிய காரில் காணாமல் போன குளிர்ப்பெட்டி

நண்பகல் 12.40. அச்சகக்காரர் தன் அச்சக வாசலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டில் இருக்கவேண்டிய குளிர்ப்பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் மட்டும் இருந்தது.

பெட்டிக்குள் இருந்தது அவர் மனைவிக்கு வாங்கிய ஊசிமருந்து. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகச் சொல்லிவைத்து, அன்று காலைதான் கைக்கு வந்தது. மாலையில் போட்டாக வேண்டும். சூடு பட்டால் மருந்து வீண்.

சீட்டுக்கு அடியில் தேடிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் மச்சான் நிற்கிறான். மனைவியின் தம்பி, வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவன். இந்தப் பழைய காருக்குக் காலையில் ரிமோட் பூட்டு மாட்டியவனும் அவனே. நாலு கதவையும் சுற்றிச் சுற்றிப் பூட்டி அலுத்துவிட்டது என்று மாமா புலம்பினார் என்பதற்காகக் கதவுக்கொரு சின்ன மோட்டார் வைத்து, ஒற்றைப் பட்டன் ரிமோட்டைக் கையில் கொடுத்திருந்தான். கதவின் உள்தகட்டில் விட்டுப்போன இரண்டு கிளிப்பை மாட்டத்தான் இப்போது வந்தான். பாவம், வந்த நேரம் சரியில்லை.

"கண்ணாடி உடையல, பூட்டும் உடையல. ஒரு ரிமோட் என் பாக்கெட்ல, ஒண்ணு வீட்டுல. வேற யாரால திறக்க முடியும்?"

"மாமா, நான் இப்பதான் வந்தேன்."

"மூணாவதா ஒண்ண நீ வச்சிருக்க. அந்த ஊசி வெளியில கிடைக்காதுன்னு உனக்கு நல்லாவே தெரியும்."

"எங்க அக்கா மருந்த நானே எடுப்பேனா?"

"அத ஸ்டேஷன்ல சொல்லு. எடுத்தவன் கைய ஒடிக்காம விடமாட்டேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. மச்சானின் முகம் சுண்டிப்போனது. அவன் கடை போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. பூட்டு மாட்டுகிறவனே திருடுகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

நல்லவேளையாக அச்சகக்காரர் போலீசுக்கு முன்னால் தன் அக்காவுக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் காப்பீட்டு நிறுவனத்துக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். நிறுத்தி வைத்த வண்டியை மரம் வந்து இடித்தது என்பவர்களிடமே காலம் தள்ளுகிறவர். அவர் காதில் பூச்சுற்ற முடியாது.

1.05. சர்வேயர் ஸ்கூட்டரை நிறுத்தினார். முதலில் காரைச் சுற்றி வந்தார். முழு வெயிலில் நின்றது. முன்சீட்டில் அச்சகக்காரரின் லேப்டாப் பை அப்படியே கிடந்தது. பின்சீட்டு ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டி கசிஞ்சுதா?"

"ஐஸ் உருகியிருக்கும். அரை மணி நேரம்தான்கா அச்சகத்துக்குள்ள போனேன். புரூஃப் பார்த்துட்டு வந்துடலாம்னு..."

"வெயில்ல விட்டுட்டா?"



எதிரில் ஜூஸ் கடை. பேயறைந்தவன் மாதிரி நின்ற மச்சானை அங்கே அழைத்துப்போய் இரண்டு சோடா கேட்டார்.

"கூலிங் இல்ல மேடம்," என்றார் கடைக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மேஜை கொள்ளாமல் பாட்டில்கள் நின்றன.

"கார்கிட்ட யாரையாவது பார்த்தீங்களா?"

"கூட்டம் மேடம். கவனிக்கல." கடையில் ஈ, காக்கை இல்லை.

சர்வேயர் வெதுவெதுப்பான சோடாவைக் குடித்துவிட்டு, காரருகே நின்ற அச்சகக்காரரிடம் திரும்பி வந்தார்.

"திரும்பி வந்ததும் என்ன செஞ்ச?"

"பட்டன அமுத்தினேன், கதவ இழுத்தேன். திறக்கல. இன்னொரு தடவை அமுத்தினேன், திறந்துச்சு. புதுசு இல்லையா, சண்டித்தனம் பண்ணுது."

"உள்ள ஏறு. நிறுத்திட்டு எப்படி இறங்கினியோ, அப்படியே செஞ்சு காட்டு."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். இறங்கினார். இடது கை தானாகப் போய் ஜன்னலோரப் பூட்டுக் குமிழை அழுத்தியது. வலது கை வெளிப்பிடியைத் தூக்கிக் கதவைச் சாத்தியது. இத்தனை வருடமும் அந்தக் கதவை அவர் அப்படித்தான் பூட்டினார். நாலு கதவிலும் குமிழ்கள் 'டக்'கென்று இறங்கின. பிறகு பெருமையாக ரிமோட்டை எடுத்து அழுத்தினார். விளக்கு இரண்டு முறை மின்னியது. நாலு குமிழும் எழுந்து நின்றன.



"தம்பி, ரெண்டு தடவை மின்னினா என்ன அர்த்தம்?" என்று சர்வேயர் மச்சானைக் கேட்டார்.

"திறந்திருக்குன்னு. பூட்டினா ஒரு தடவைதான்." அவன் குமிழைக் காட்டினான். "டிரைவர் பக்கம் குமிழ அமுத்தினாலே நாலும் பூட்டிக்கும். இது ஒத்தப் பட்டன். பூட்டியிருந்தா திறக்கும், திறந்திருந்தா பூட்டும். குமிழ இனிமே தொடாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன்."

"அவ்வளவுதான்டா," என்றார் சர்வேயர் அச்சகக்காரரிடம். "நீ கையால பூட்டின, ரிமோட்டால திறந்துட்டுப் போன. அரை மணி நேரம் கார் திறந்தே கிடந்துச்சு. திரும்பி வந்து முதல் தடவை அமுத்தினப்பதான் பூட்டிச்சு. அதனாலதான் பூட்டின கார்ல திருட்டுப்போச்சுன்னு நீ நம்பின. குற்றவாளி உன் இடது கை."

"அப்ப பெட்டி?"

"லேப்டாப்ப விட்டுட்டு ஐஸ் பெட்டிய எடுக்கிறவன் திருடன் இல்ல. வெயில்ல மருந்து கெட்டுடுமேன்னு பதறினவன். அவன்கிட்ட ஃபிரிட்ஜ் இருக்கணும். உள்ள இடம் பண்ண பாட்டில எல்லாம் வெளியில வச்சிருக்கணும்." சர்வேயர் எதிர்க்கடையைப் பார்த்தார். "அண்ணே, கொண்டாங்க."

ஜூஸ் கடைக்காரர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். பெட்டி ஜில்லென்று இருந்தது.

"மருந்து, குளிர்ல வைக்கணும்னு பெட்டி மேலயே போட்டிருந்தது கண்ணாடி வழியா தெரிஞ்சுது. தண்ணி வேற கசிஞ்சுது. கைப்பிடிய இழுத்தேன், திறந்துடுச்சு. சார் வந்ததும் குடுக்கலாம்னுதான் இருந்தேன். வந்ததுமே கைய ஒடிக்கிறேன், போலீஸ்னு கத்தினார். எனக்கு வாயே எழும்பல. அந்தத் தம்பி மேல பழி விழ விட்டுட்டேன்."

அச்சகக்காரர் பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மச்சான் கிளிப்பை மாட்டப் போனான். அவன் கண் கலங்கியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அச்சகக்காரர் எழுந்து அவன் பின்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"நான் பேசினது தப்பு. இந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்றேன், தப்பு."

அவன் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"சாயந்தரம் நீ வரணும். ஊசின்னா அவளுக்குப் பயம். கண்ண மூடிட்டு உன் கையத்தான் தேடுவா. என் கைய இல்ல."

"வர்றேன் மாமா," என்றான் அவன். "வண்டிய நான் ஓட்டுறேன். நீங்க பெட்டிய மடியில வச்சுக்கங்க."