வட்டத்தில் யார்?

நேற்று கியோத்தோ, இன்று நாரா. ஆறாம் வகுப்புச் சுற்றுலாவின் கடைசி நாள். பெரிய புத்தர் கோயில் முன்னால் வகுப்புப் படத்துக்காக எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கோயிலைச் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று ரியோஹெயின் சட்டையை மென்றுகொண்டிருந்தது.

தமாகி மட்டும் இல்லை. பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்து, வண்டியிலேயே படுத்திருந்தாள்.

"கவலைப்படாதீங்க டீச்சர். அவ முகத்தைத் தனியா எடுத்து, மூலையில ஒரு வட்டத்துல போட்டுடலாம்" என்றார் படம் எடுப்பவர்.

படத்துக்கு வராதவர்களுக்கு எப்போதும் அதுதான் இடம். நாலாம் வகுப்பிலும் தமாகி வட்டத்தில் இருந்தாள். ஐந்தாம் வகுப்பிலும் அப்படியே. சற்று முன் பேருந்திலிருந்து மிஸுகி இறங்கியபோது தமாகி, "போ, போ. எனக்குத்தான் மூலையில இடம் ரெடியா இருக்கே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

மிஸுகி வகுப்பில் அதிகம் பேசாதவள். இப்போது வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"டீச்சர், என்னையும் வட்டத்துல போடச் சொல்லுங்க. தமாகி பக்கத்துல."

"நீதான் இங்கேயே இருக்கியேம்மா!"

"அவ தனியா இருப்பா டீச்சர்."

ரியோஹெய் மானின் வாயிலிருந்து சட்டையைப் பிடுங்கினான். "அப்ப நானும் வட்டம்! வெயில்ல நிக்க வேணாம்."

"நானும்!"

"டேய், நானும்டா!"

படம் எடுப்பவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாரும் வட்டத்துக்குப் போயிட்டா நான் யாரை எடுக்கறது? இந்த மானையா?"

"பஸ் பக்கத்துல எடுக்கலாமே மாமா" என்றாள் மிஸுகி மெல்ல. "அவ படியில உக்காந்தா போதும்."

"அங்க புத்தர் கோயில் தெரியாதேம்மா! உங்க வீட்டுல என்னையில்ல கேப்பாங்க?"

ஆனால் டீச்சர் சுற்றுலாக் கொடியைத் தூக்கிப் பிடித்து, பேருந்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். "வாங்க, வாங்க. மானே, நீ வேண்டாம்."

தமாகி போர்வையோடு எட்டிப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் திரும்பி வந்துட்டீங்க?"

"தள்ளி உக்காரு" என்று மிஸுகி அவளோடு படியில் நெருக்கி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் படம் வகுப்புக்கு வந்தது. நடுவில் தமாகி. முகம் வெளிறியிருந்தது, ஆனால் வாயெல்லாம் பல்.

மேலே வலது மூலையில், ஒரு சின்ன வட்டத்துக்குள், பெரிய புத்தர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.