அழ வை... விட்டுடறேன்!

போன் அலறியது.

பொரித்த வாழைப்பழம் ஒன்றை வாயில் திணித்தபடியே எடுத்தான் குமிலார்.

"ஹலோ?"

"உன் ரெங்கானிஸ் எங்க கையில!"

கரகரத்த குரல். மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவது போல...

வாழைப்பழம் தொண்டையில் நின்றது.

"யா... யாரு நீ? எவ்வளவு வேணும்?"

"உன் மூஞ்சிக்குப் பணம் வேறயா! ஒரு பாட்டு வேணும். புதுசா. சோகமா! சாயங்காலம் மேடையில பாடற. கேக்கறவன் அழணும். அழ வை... விட்டுடறேன்!"

"அழலைன்னா?"

"அப்புறம் அவளை நினைச்சு நீ அழுவே!"

டொக்!

பாண்டுங் நகரத்தில் கறுப்புச் சட்டை போட்ட அத்தனை பேருக்கும் குமிலாரைத் தெரியும். 'மையிருட்டு' பங்க் இசைக்குழுவின் பாடகன். சாவு, தனிமை, கல்லறை... இவை தவிர வேறெதையும் பாடாதவன். அம்மா இறந்த வருடம் அவன் எழுதிய பாட்டுகளைக் கேட்டுக் கல்லூரி விடுதிகளே விசும்பின.

பிறகு ரெங்கானிஸ் வந்தாள். சிரித்தாள்.

அவ்வளவுதான்! கல்யாணம் நிச்சயமானது. கடைசியாக அவன் எழுதிய பாட்டு வேர்க்கடலைச் சட்னியைப் பற்றியது!

அவள் அறைக்கு ஓடினான் குமிலார்.

பூட்டிய கதவு. வாசலில் அவள் செருப்புகள் மட்டும்... மழைத் தண்ணீர் நிரம்பி.

நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் விழுந்தான்.

"கடத்தினவன் என்ன கேக்கறான்?" என்றாள் இன்ஸ்பெக்டர் நினிங்.

"சோகப் பாட்டு, மேடம்."

"என்னது!"

"பாட்டு மேடம்... சோகமா."

அவனை உற்றுப் பார்த்தாள் நினிங்.

"குடிச்சிருக்கியா தம்பி?"

"வாழைப்பழம்தான் மேடம் சாப்பிட்டேன்!"

"சரி, நீ சந்தோஷமா பாடறதுல யாருக்கு வயித்தெரிச்சல்?"

"ஊர்ல பாதிப் பேருக்கு! எங்க ட்ரம்ஸ் ஜாஜாங் போன வாரம் குச்சியை என் மேலேயே விட்டெறிஞ்சான்."

"ஏன்?"

"சட்னிக்கு எப்படிடா ட்ரம்ஸ் அடிக்கிறதுன்னு..."

நினிங் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

கச்சேரி அரங்க வாசலில் ஜீப் நின்ற வேகத்தில் ஜாஜாங்கின் கையில் விலங்கு ஏறியது!

"அண்ணே, சத்தியமா நான் இல்லண்ணே! உன்னைக் கடத்தணும்னு நினைச்சிருக்கேன்... அண்ணியை இல்ல!"

யார் கேட்டார்கள்? குமிலார் மேடையின் பின்னால் கிடாரோடு உட்கார்ந்துவிட்டான். எழுதினான், அடித்தான், எழுதினான். கண்ணுக்குள் அந்தச் செருப்புகளே நின்றன. அவற்றின் பக்கத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த அம்மாவின் செருப்புகளும்...

சாயங்காலம்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. ட்ரம்ஸ் இல்லை. ஒற்றைக் கிடார்.

"நீ விட்டுப்போன செருப்பில்
மழை கால் வைத்து நிற்கிறது...
உள்ளே வரச் சொல்லவா?
உன் அளவு அதற்கில்லையே..."

ஊசி விழுந்தால் கேட்கும்!

முன்வரிசையில் ஒரு விசும்பல். மூக்கில் வளையம் போட்டவன் முகத்தை மூடிக்கொண்டான். விலங்கோடு ஜாஜாங் குலுங்கினான். நினிங் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து 'ஓ'வென்று ஓர் அழுகை! தலையை மூடியிருந்த துணி நழுவியது...

ரெங்கானிஸ்!

கிடாரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான் குமிலார்.

"தப்பிச்சு வந்துட்டியா? அடிச்சாங்களா? எத்தனை பேரு?"

"ஒருத்திதான்..."

"யாரு அவ?"

"நான்தான்டா! நானே மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசினேன்!"

அரங்கம் வாயைப் பிளந்தது.

"எதுக்குடி..."

"எங்கப்பா செத்தப்ப நான் அறையை விட்டே வெளிய வரலை. யாரையும் உள்ள விடலை. உன் பாட்டு மட்டும்தான் உள்ள வந்துச்சு. இவனுக்கும் இப்படித்தான் வலிக்குதான்னு நினைச்சப்புறம்தான் சோறே இறங்குச்சு. இன்னைக்கும் எவளோ ஒருத்தி கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பா. அவகிட்ட போய் சட்னியைப் பத்திப் பாடறியே!"

"நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். சிரிச்சே!"

குமிலாருக்குக் கோபம் வந்தது, அதை முந்திக்கொண்டு கண்ணீர் வந்தது.

"இன்னைக்கு நான் செத்தே போயிட்டேன்டி..."

"தெரிஞ்சுது. அதான் பாட்டு நல்லா இருந்துச்சு."

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"புகார் எதுவும் இல்ல மேடம்."

"அப்போ நாங்க கிளம்பலாமா?" என்றாள் ரெங்கானிஸ்.

நினிங் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள்.

"எங்க கிளம்பற? கடத்தல் கேஸ் போனா போகட்டும்... டியூட்டியில இருக்கற போலீசை ஊர் பார்க்க அழ வெச்சதுக்கு ஒரு கேஸ் இருக்கு. ரெண்டு பேரும் ஏறுங்க ஜீப்புல!"