எல்தியாரின் விண்டோ

அந்த விண்டோ மறுபடியும் தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது.

ஜிபார் பாய்ந்து போய், 'மூடவா?' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். லேப்டாப்பை யாரும் தொடவில்லை. தம்பி எல்தியார் செத்த நாளிலிருந்து அது இதே அறையில், குளிருக்கு மூட்டும் இதே கரியடுப்புக்கு எதிரில், சார்ஜர்கூடப் பிடுங்காமல் கிடக்கிறது. எடிட்டரில் ஒரே விண்டோ, அதற்குள் மூன்று டேப், மூன்றிலும் அவன் பாதியில் விட்ட புரோகிராம். அதையெல்லாம் அவள் என்றைக்கோ நகலெடுத்துவிட்டாள். ஆனால் அண்டூவை அழுத்த அழுத்த அவன் தப்பாக அடித்ததும் அழித்ததும் திரும்ப அடித்ததும் எழுத்தெழுத்தாகப் பின்னால் போகும், பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிற மாதிரியே இருக்கும். விண்டோவை மூடினால் அது போச்சு. அதோடு அவனும் போச்சு.

சமையலறையிலிருந்து காய்ந்த எண்ணெயின் வாசனை நடை வழியாக ஊர்ந்து வந்தது. வியாழக்கிழமை. வாராவாரம் இந்த நாளில் செத்தவனுக்கு வாசனை காட்ட அம்மா போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்க உட்கார்ந்தால் போதும், இந்த லேப்டாப் சனியனுக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது.

அம்மா தட்டோடு வந்து நின்றாள். "அவன் கெளம்பணும்னு தவிக்கிறான்டி. நீதான் வாசல்ல காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்க."

"நீ பேசாத! சூடு போயிடும் சூடு போயிடும்னு, கங்கு அணையறதுக்குள்ள புகைபோக்கிய அடைக்கிற தகட்டச் சொருகினது யாரு? தூங்கின பிள்ளைய விஷப்புகையில கொன்னுட்டு, இப்ப மாவு பொரிக்கிறியா?"

அம்மா தட்டோடு பக்கத்து வீடுகளுக்குப் போர்சோக் கொடுக்கக் கிளம்பிப் போனாள்.

ஜிபாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போதும், இனிக் கேள்வியே கிடையாது. எடிட்டரின் அமைப்புகளைத் திறந்து விசைகள் உடைகிற மாதிரி தட்டினாள்: ஒரு டேப்புக்கு மேல் இருந்தால் மூடாதே, யார் சொன்னாலும் மூடாதே. எடிட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

வெளியே பிஷ்கேக் நகரத்தின் பொழுது கரிப்புகைக்குள் இருட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் கங்கு சடசடத்தது. எண்ணெய் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.

விண்டோ நடுங்கியது.

'டேப்புகள் திறந்திருக்கின்றன. மூட முடியாது.'

மறுபடி. மறுபடி.

"போக மாட்டடா! எங்கயும் போக மாட்ட!" என்று கத்தினாள்.

நின்றது.

பிறகு மூன்றாவது டேப்பில் எழுத்துகள் விழுந்தன. அவனுடைய பழக்கம்போலவே முதல் எழுத்து தப்பு. அது அழிந்தது. சரியான எழுத்து விழுந்தது.

அக்கா மூச்சு முட்டுது.

திரைக்கு நெருங்கிக் குனிந்தாள். எண்ணெய் வாசனை போய்விட்டிருந்தது. வேறு ஏதோ நெடி.

தெறந்து விடு.

"முடியாது." திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா செஞ்சதுக்கு நான் ஏன்டா உன்ன விடணும்? முடியாது!"

அதே டேப்பில் அடுத்த வரி விழுந்தது.

அப்ப நீயும் இரு.

முதுகுக்குப் பின்னால் இரும்பு உரசியது. மெல்ல. நிதானமாக.

திரும்பினாள். புகைபோக்கித் தகடு, யார் கையும் இல்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது. கங்கின் மேல் நீலச் சுடர்கள். தகட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை. நெற்றிப்பொட்டு தெறித்தது. முழங்கால் மடிந்தது.

தரையிலிருந்து பார்த்தாள்.

திரையில் நான்காவதாக ஒரு டேப் திறந்தது. அதன் தலையில் அவள் பெயர்.