முதலில் வந்ததற்கே பெயர்

பழைய கட்டடத்துக்குப் புது வண்ணம் பூசி 'அறிவார்ந்த வார்டு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். வண்ண வாசனைக்கு அடியில் ஈரச் சுவரின் வாசனை அசையாமல் இருந்தது. கணினிக்காரன் தோள்பையோடு உள்ளே வந்தபோது வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே இத்தனை விளக்குகள் எரிந்தும் மூலைகளில் இருட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அவனைக் கூப்பிட்டது மருத்துவமனை வேலைக்குத்தான். ஆனால் நான்காம் கட்டிலில் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தவள் அவனுடைய சொந்த அக்கா.

"வந்துட்டியா சுண்டு," என்றாள் முகமூடிக்குள்ளிருந்து. "எனக்கு முடியலன்னா நாளைக்கு வர்றேங்கிற. கம்ப்யூட்டருக்கு முடியலன்னதும் ஓடி வர்றே."

"பேசாதக்கா, மூச்சு வாங்கும்."

"அதையாவது வாங்கட்டும். நீ எதை வாங்கிட்டு வந்திருக்கே?"

அவன் சிரித்தான். அவள் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. ஆக்சிஜன் நின்றால் தாங்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

வார்டில் நான்கு கட்டில்கள். ஒவ்வொருவர் விரலிலும் ஒரு கிளிப், அதன் வயர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சொருகியிருக்கும். நாடித்துடிப்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதும் மூலையில் லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் கணினிக்குப் போகும். குறைந்தால் கணினியே அந்தக் கட்டிலுக்கு வாயுவைத் திறந்துவிடும், நிறைந்தால் மூடிவிடும், கிளிப்பின் கணக்கு இல்லாமல் யார் சொன்னாலும் திறக்காது. கையால் திருகும் வால்வுகள் சுவரின் அழகைக் கெடுக்கின்றன என்று பெரிய டாக்டர் அவற்றைப் பிடுங்கிப் பூசிவிட்டார். லினக்ஸை உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அதை விளம்பரத்தில் 'நமது கண்டுபிடிப்பு' என்று போட்டுக்கொண்டவரும் அவர்தான். சில வருடங்களாக அவர் கையில் பிடித்த ஒரே அறுவைக் கருவி, ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோல்.

காலையில் கரண்ட் போய் வந்ததும் பெயர்கள் குழம்பிவிட்டன. கணினி விழித்தெழும்போது எந்தக் கிளிப் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு 'கட்டில் ஒன்று' என்று பெயர் வைத்துவிடும். அடுத்தது வந்தால் இரண்டு. அதனால் இரண்டாம் கட்டில்காரர் மூச்சுத் திணற, மூன்றாம் கட்டில்காரருக்கு ஆக்சிஜன் போனது.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும் தொழிற்சாலையில் பதித்த எண் ஒன்று உண்டு. இன்ன எண்ணோடு வருவது இன்ன கட்டில் என்று ஒரு வரி விதி எழுதிவிட்டால், எந்த வரிசையில் வந்தாலும் பெயர் மாறாது. மூன்று கிளிப்புகளுக்கு எழுதி முடித்தான். நான்காவதற்கும் எழுதிவிட்டு, புதிதாகச் சொருகுவதற்காக அக்காவின் வயரைச் சுவரிலிருந்து உருவினான்.

திரையில் நான்காம் கட்டில் காலியாகியிருக்க வேண்டும்.

நாடி 72. ஆக்சிஜன் 100.

வயர் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், நாலாம் கட்டில்ல வேற ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

"அங்க வயர் சொருக இருக்கறதே ஒரு ஓட்டைதான் தம்பி," என்றார் முதல் கட்டிலருகே நின்ற தலைமை நர்ஸ்.

கணினியின் பதிவைத் திறந்து பார்த்தான். சாதனம் ஒவ்வொன்றும் வந்ததும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். நான்காம் கட்டிலில் இருந்த இதுவோ தன்னைச் செய்தவர் யாரென்று சொல்லவில்லை. என்ன வகை என்று சொல்லவில்லை. எண் மட்டும் சொல்லியிருந்தது. அக்காவுடைய கிளிப்பின் எண்.

வந்த நேரம், கணினி விழிப்பதற்கு முன்.

அவசரமாக வயரைத் திரும்பச் சொருகினான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருப்பதாகக் கணினி மறுத்துவிட்டது.

சுவருக்குள் ஸ்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்த வாயுவின் சத்தம் நின்றது.

நூறு இருக்கிறவளுக்கு எதற்கு ஆக்சிஜன்?

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர், பணம் போட வந்த விருந்தாளிகளோடு உள்ளே நுழைந்தார். வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் நடந்து வந்தது.

"சார், எப்படியாவது ஆக்சிஜனைத் திறக்கச் சொல்லுங்க! அக்காவுக்கு நின்னுபோச்சு!"

அவர் திரையைப் பார்த்தார். "நூறு காட்டுதே! எனக்கே தொண்ணூத்தேழுதான்." விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"ஸ்கிரீனப் பாக்காதீங்க சார், ஆளப் பாருங்க. உதடு நீலமாகுது."

"மனுஷன் பதறுவான்னுதானே தம்பி மெஷினே வாங்கினோம்," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, விருந்தாளிகளை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். ஒருவர் போகிற போக்கில் திரையைப் படம் எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் அக்காவைப் பார்த்தார். எதிர்க் கட்டடத்துக்குச் சிலிண்டர் எடுக்க ஓடினார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவன் கிளிப்புக்கு வேறு பெயர் வைத்தான். கட்டில் ஐந்து. இனி ஐந்தைக் கேட்டு நாலாம் கட்டிலுக்குத் திற என்று எழுதினான். வாயு சீறியது. அக்காவின் மார்பு ஒருமுறை எழுந்தது.

ஐந்து. நாடி 72. ஆக்சிஜன் 100.

சீறல் நின்றது.

ஆறு என்று மாற்றினான். அதுவும் 72. ஏழு என்று மாற்றினான்.

எட்டு என்று அவன் தட்டி முடிப்பதற்குள் அது எட்டில் வந்து காத்திருந்தது.

நனைந்து காயாத துணியின் வாடை வீசியது. அவன் பிடரியில் எதுவோ சில்லென்று பட்டு விலகியது.

"சுண்டு..." அக்காவின் குரல் நூலாக வந்தது. "யாரோ பக்கத்துல படுத்திருக்காங்கடா."

"யாரும் இல்லக்கா."

"கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லேன்."

அவன் திரும்பவில்லை. திரும்பினால் கை ஓடாது என்று அவனுக்குத் தெரிந்தது.

அதற்குக் கட்டில் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். பெயர் எங்கே போகிறதோ அங்கே அது போகிறது. சொந்தமாக ஒன்று இல்லாததால்தான் கண்டவர் பெயரில் எல்லாம் ஏறி உட்காருகிறது. கொடுத்துத் தொலைத்தால் போய்விடுமா?

அக்காவின் கிளிப்பைத் திரும்ப நாலாக்கினான். செய்தவர் இல்லாமல், வகை இல்லாமல், வயர் இல்லாமல் வருவது எதுவோ, அதற்கு இந்தப் பெயர் என்று விதி எழுதினான். எந்தப் பெயர்? மண்டைக்குள் ஒன்றும் இல்லை. அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. காதில் கடைசியாக விழுந்திருந்த பெயரை விரல்கள் தட்டிவிட்டன.

சுண்டு.

சுவர் சீறியது.

நாலாம் கட்டில். நாடி 131. ஆக்சிஜன் 68. பயங்கரமான எண்கள், ஆனால் உண்மையான எண்கள். பார்த்து அவனுக்கு அழுகை பொங்கியது. எழுபது. எழுபத்தாறு. எண்பத்தொன்று. அக்காவின் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. சுண்டு. 72. 100.

நர்ஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கட்டிலைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இப்போது அந்த வரியை நிதானமாக அழித்துவிடலாம் என்று கணினியின் முன் இரண்டு கைகளையும் விசைப்பலகையில் வைத்தான்.

"சுண்டு," என்று கண் திறக்காமலே கூப்பிட்டாள் அக்கா.

அவன் வாயைத் திறந்தான்.

"என்னக்கா?"

குரல் அவனுடையதுதான். வந்தது மட்டும் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து.

"கை ஏன்டா இப்படிச் சில்லுனு இருக்கு," என்று முனகிவிட்டு, அவள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் முழுதாக மூடவில்லை. நடுவில் ஒரு கையின் பருமன் இருந்தது.

அவன் அக்கா என்று கத்தினான். அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நர்ஸ்தான் திரும்பினார். கட்டிலருகே யாரையோ பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவனிடம் வந்து, புதிதாக வந்தவர்களிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"நீங்க யாருங்க? அவங்க தம்பிதான் கூடவே இருக்காரே."