வாயிலேயே விழுந்த அடி

"பாப்பா...!"

டெய்லரக்காவின் அலறலில் தெருவே கதவைத் திறந்தது.

கழுத்தில் அளவு டேப் தொங்க, வெறுங்காலோடு ஓடி வந்தாள். கடை வாசலில் விளையாடிக் கொண்டிருந்த ஐந்து வயது மகளைக் காணோம்!

"பதறாதீங்கக்கா... ஒரு ஈ கூட வெளியே போகாது!"

மருந்துக்கடைக்காரர் கத்திய கத்தலில் தெருவின் இரண்டு முனையிலும் பைக்குகள் குறுக்கே நின்றன. குழந்தையின் போட்டோ செல்போன் செல்போனாகப் பறந்தது.

"புடிச்சாச்சு!"

போர்வை விற்பவன். தெருவுக்குப் புதுசு. கையில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு!

போதாதா?

அடி பின்னிவிட்டார்கள்.

"குழந்தை எங்கடா?"

"சார்... நான்..."

சப்!

நீலச்சட்டைக்காரர் ஒருவர் வாயிலேயே குத்தினார். "பேசாதடா நாயே!"

"அப்படிப் போடுங்க சார்!" மருந்துக்கடைக்காரர் குஷியானார்.

டெய்லரக்காவும் கையை ஓங்கிக் கொண்டு பாய்ந்தாள்.

போர்வைக்காரன் மறுபடி வாயைத் திறந்தான். மறுபடி குத்து. அதே கை. அதே வாய்!

டெய்லரக்கா ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

இவன் சொல்லணுமே... இந்த ஆள் ஏன் சொல்லவே விடமாட்டேங்கறான்?

"நிறுத்துங்க!" குறுக்கே விழுந்தாள்.

"விலகுங்கக்கா!"

"இவன் செத்துட்டா எம்பொண்ணு இருக்கிற இடத்தை உங்கப்பனா வந்து சொல்லுவான்? ... நீ சொல்லுய்யா!"

"வெள்ளைக் காரும்மா... பாப்பாவை உள்ள தள்ளுனான்... காலைப் புடிச்சு இழுத்தேன்... செருப்புதான் கையில வந்துச்சு... அவன் மூஞ்சியைப் பார்க்க முடியல..."

எல்லாத் தலைகளும் திரும்பின.

தெருமுனையில், பைக்குகளைத் தாண்ட வழியில்லாமல்... ஒரு வெள்ளைக் கார்!

"யாரு காரு இது?"



டெய்லரக்கா நீலச்சட்டையின் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"சார்... நீங்க எந்த வீடு?"

"அ... அடுத்த தெரு..."

"அங்க யாரு வீடு?"

உதறிவிட்டு ஓடினான். பைக்கில் தடுக்கிக் குப்புற விழுந்தான். பாக்கெட்டிலிருந்து கார் சாவி தெறித்தது!

பின் சீட்டுக்குக் கீழே, வாயில் பிளாஸ்திரியோடு குழந்தை. பிரித்ததும் வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் டெய்லரக்காவுக்கு மூச்சே வந்தது.

ஜீப்பில் வந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர், நீலச்சட்டைக்கு விலங்கு மாட்டினாள்.

"நாங்கதான் மேடம் புடிச்சோம்!" மருந்துக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

இன்ஸ்பெக்டர் போர்வைக்காரனின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள்.

"அப்ப இவரை அடிச்சது?"

கூட்டம் மெல்லப் பின்வாங்கியது.

"ஓடாதீங்க... வேன் வருது. ஜன்னலோர சீட்டு மருந்துக்கடை சாருக்கு!"